வேர்க்கடலையைத் தள்ளிப்போடாதே

அன்புள்ள மகனுக்கு,

வேர்க்கடலையையும் முட்டையையும் ஒரு வயது வரை குழந்தையின் கண்ணில் காட்டாமல் இருப்பதுதானே நல்லது என்று போனில் கேட்டாய். நீ அவசரத்தில் இருந்ததால் "தள்ளிப்போடாதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன். மருமகளும் படிக்கட்டும்.

காத்திருக்கச் சொல்லும் உன் பெரியம்மாவைக் குறை சொல்லாதே. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குப் பால் ஒரு வயதிலும் முட்டை இரண்டு வயதிலும் வேர்க்கடலை, மீன் மூன்று வயதிலும் போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2000-இல் அறிவுறுத்தியது. தள்ளிப்போடுவதால் அலர்ஜி குறைகிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 2008-இல் அந்தச் சங்கமே பின்வாங்கியது.

அதே ஆண்டில் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் கிடியன் லாக்கின் குழு வேறொன்றைக் கவனித்தது. இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிட, பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி ஏறக்குறைய பத்து மடங்கு இருந்தது. இஸ்ரேலில் முதல் வயதிலேயே வேர்க்கடலைப் பண்டம் தின்கிறார்கள். பிரிட்டனில் அப்போது பெரும்பாலும் தவிர்த்தார்கள். காரணம் இதுதானா என்று பார்க்க, கடுமையான கரப்பானோ (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்சிமா) முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி ஐந்து வயது வரை கண்காணித்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு அந்த அலர்ஜி இருந்தது. சாப்பிட்டு வந்தவர்களில் 3 பேருக்குத்தான்.

ஏன் இப்படி என்பதற்கு மருத்துவர்கள் தரும் விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. வெடித்துப்போன தோல் வழியாக உணவின் துகள் உள்ளே போனால் உடல் அதைப் பகையாகப் பார்க்கப் பழகுகிறதாம். வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் உணவென்று ஏற்கப் பழகுகிறதாம். குழந்தையின் முழங்கை மடிப்பில் இருக்கும் சொரசொரப்பை இதனால்தான் அலட்சியப்படுத்த வேண்டாம் என்கிறேன். கடலை தின்ற கையைக் கழுவாமல் அவளுக்குக் களிம்பு தடவாதே. லேசான கரப்பான் என்றால் வீட்டிலேயே ஆறு மாத அளவில் தொடங்கலாம். அது கடுமையானது என்றாலோ ஏற்கெனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டு; பரிசோதனை செய்த பிறகு அவர் சொல்லும் முறையில் கொடு.

முட்டை, வேர்க்கடலை, பால், கோதுமை, எள், சோயா, மீன், இறால், முந்திரி, பாதாம் என்று பட்டியல் நீளமாகத் தோன்றும். உங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிடுபவற்றிலிருந்து தொடங்கு. காய்கறிக் கூழை அவள் ஒழுங்காக விழுங்கப் பழகிய பிறகு, காய்ச்சலோ சளியோ இல்லாத ஒரு காலைப் பொழுதாகப் பார். தூங்கப் போகும் நேரம் வேண்டாம். ஊட்டிய பிறகு இரண்டு மணி நேரமாவது யாராவது அவள் கூடவே விழித்திருக்க வேண்டும். கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் பொறு. ஒன்றும் இல்லையென்றால் மீதியைக் கொடு. ஒரே நாளில் இரண்டு புதியவற்றைக் கலந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

முட்டையை மஞ்சள் கரு, வெள்ளைக் கரு இரண்டும் இறுக வேகவைத்து மசித்துக்கொடு. முழு வேர்க்கடலை கூடவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும், ஐந்து வயது வரை அந்த ஆபத்து உண்டு. பீனட் பட்டரையும் அப்படியே உருண்டையாக ஊட்டாதே, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரிலோ தாய்ப்பாலிலோ நீர்க்கக் கரைத்து, ஆறவைத்துக் கூழில் கலந்துவிடு. பசும்பாலைத் தயிராகவோ உணவில் கலந்தோ கொடுக்கலாம். குடிக்கும் பாலாக ஒரு வயதுக்குப் பிறகுதான். தேனும் ஒரு வயதுக்குப் பிறகே. அதற்குக் காரணம் அலர்ஜி அல்ல, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் முதல் கரண்டியைப் பற்றியே பயப்படுகிறார்கள், அது தாண்டியதும் மறந்துவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன அந்த 640 குழந்தைகளின் ஆய்வில், வேர்க்கடலை சாப்பிட்ட பிரிவினர் வாரத்துக்கு 6 கிராம் வேர்க்கடலைப் புரதத்தை, மூன்று வேளையோ அதற்கு மேலோ பிரித்து, வருடக்கணக்கில் சாப்பிட்டார்கள். ஒருமுறை ருசி காட்டிவிட்டு மாதக்கணக்கில் நிறுத்துவதில் பயன் இல்லை. ஒத்துக்கொண்டதை வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது தட்டில் வை. மூன்று மாதத்திலிருந்தே ஆறு வகை உணவுகளை வாரந்தோறும் கொடுக்கச் சொன்ன இன்னோர் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பெற்றோரால் அதை முழுதாகப் பின்பற்ற முடியவில்லை. ஆகவே ஒரு வாரம் தவறினால் உன்னை நொந்துகொள்ளாதே. இதற்கென்றே கடையில் விற்கும் விலையுயர்ந்த கலவைப் பொடிகளும் தேவையில்லை என்பது என் கருத்து.

வாயைச் சுற்றி மட்டும் லேசாகச் சிவந்து சற்று நேரத்தில் மறைந்தால் பெரும்பாலும் உணவு தோலில் பட்ட எரிச்சல்தான். புளிப்புப் பழங்களில் இது சகஜம். சோதனை என்று சொல்லிக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்காதே. உடம்பில் தடிப்புகள் எழும்பினாலோ உதடும் கண்ணிமையும் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேள். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மூச்சு இழுப்பு, விடாத இருமல், கரகரத்த அழுகை, உடல் துவண்டு வெளிறிப்போதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அவசர ஊர்தியை அழை. அந்த நேரத்தில் வேண்டியது அட்ரினலின் ஊசி. வீட்டிலிருக்கும் அலர்ஜி மருந்தைக் கொடுத்துக் காத்திருக்காதே. வரும் வரை படுக்கவை, தூக்கி நிறுத்தாதே. தடிப்பே இல்லாமல், சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துச் சோர்ந்துபோகும் ஒரு வகையும் உண்டு. அதை வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

"நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்கிறாய். குடும்பத்தில் இல்லாமலும் வருகிறது. வந்தாலும் பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடும். வேர்க்கடலை அலர்ஜிதான் ஐந்தில் நால்வரிடம் தங்கிவிடுகிறது. அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவளுடைய முழங்கையை மருத்துவரிடம் காட்டி, வேர்க்கடலை தொடங்கலாமா என்று நேராகவே கேட்டுவிடு. முட்டையைத் துப்பினால் பயப்படாதே. அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் விட்டு மறுபடி கொடு.

அன்புடன்,
அம்மா