சின்ன லேப்டாப் வாங்குமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பையில் போட்டால் கனம் தெரியக் கூடாது, விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று கேட்டு வருகிறீர்கள். ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ எடையில் 11.6 அங்குலத் திரையோடு வரும் லேப்டாப்புகள் அதற்கென்றே இருப்பவைதான். ஆனால் அவற்றில் பல, சில மாதங்களில் "இடம் இல்லை, அப்டேட் ஏறவில்லை" என்று சர்வீசுக்கு வந்துவிடுகின்றன. பில் போடுவதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் நல்லதை. இன்டெல் என்100 போன்ற பிராசஸர்களுக்கு 6 வாட் போதும். அதனால் பல மாடல்களில் ஃபேனே இருக்காது. சத்தம் இல்லை, தூசியை உள்ளே இழுக்கவும் எதுவும் இல்லை. பேட்டரி சின்னதாக இருந்தாலும் நேரம் தாங்கும். டைப்பிங், மெயில், ஆன்லைன் வகுப்பு, படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் தாராளம். வீடியோ எடிட்டிங்குக்கு மட்டும் வேண்டாம். ஃபேன் இல்லாத மெஷின் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எடையும் விலையும் எங்கே குறைந்தன என்றால், பெரும்பாலும் சேமிப்பிலும் ரேமிலும்தான் (ரேம் என்பது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்). விலை குறைந்த மாடல்களில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புக்குப் பதிலாக இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். கழற்றி மாற்ற முடியாது. பெட்டியில் 64 ஜிபி என்றிருக்கும், விண்டோஸ் 60க்கும் குறைவாகவே காட்டும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமும் அதே 64 ஜிபி, கூடவே 4 ஜிபி ரேம். அதாவது அந்த மெஷின் பாஸ் மார்க்கில் நிற்கிறது. சிஸ்டமும் ரிகவரியும் போக மிச்சத்தில் விண்டோஸ் தன் அப்டேட்டுக்கென்று சுமார் 7 ஜிபியை ஒதுக்கிக்கொள்ளும். பெரிய அப்டேட் ஒன்று வந்தால், பழைய பதிப்பை 10 நாள் அப்படியே வைத்திருக்கும். அதற்குள் போட்டோக்களும் பிரவுசர் குப்பையும் சேர்ந்துவிட்டால் அப்டேட் பாதியில் நிற்கும்.

அப்படி நின்றால் ஃபார்மேட் செய்ய ஓட வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் தற்காலிக ஃபைல்களை நீக்குங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் அங்கே ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டால் அதிலுள்ள ஃபைல்களும் போய்விடும், கவனம். அப்போதும் இடம் போதவில்லை, வெளி டிரைவ் ஒன்றைச் செருகு என்று விண்டோஸ் கேட்டால், காலியான 16 ஜிபி பென் டிரைவைச் செருகி அப்டேட் முடியும்வரை எடுக்காமல் விடுங்கள். போட்டோ, பாடம் எல்லாம் மெமரி கார்டில் இருக்கட்டும்.

4 ஜிபி ரேமின் தொல்லையும் இதோடு சேர்ந்ததுதான். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தைச் சேமிப்பில் எழுதும். இஎம்எம்சியால் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது, ஒன்று முடிந்துதான் மற்றது. பத்து டேப் திறந்ததும் மவுஸ் அம்புகூட நின்று நின்று நகர்வது இதனால்தான். பிராசஸரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்களைக் கேட்டால் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய தலைமுறை மாடலே, 4 ஜிபியும் இஎம்எம்சியும் உள்ள புதியதைவிட மேல்.

வாங்கும் இடத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. சில மாடல்களில் எம்.2 என்ற சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டிக்குத் தனி ஸ்லாட் இருக்கும். சிலவற்றில் போர்டில் அந்த இடம் மட்டும் இருக்கும், கனெக்டர் இருக்காது. கீழ்மூடியில் தனிக் கதவு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், திறந்து பார்த்தால்தான் தெரியும்.

விண்டோஸ், எஸ் மோட் என்ற கட்டுப்பாடுள்ள வடிவில் வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்கள் மட்டுமே ஏறும். எஸ் மோடிலிருந்து வெளியே வர காசு கட்ட வேண்டியதில்லை, ஆனால் திரும்பிப் போக முடியாது. குரோம்புக் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்) என்றால் அப்டேட் முடியும் தேதியைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அது கணக்காவதில்லை.

இன்னொன்று ஹிஞ்ச், அதாவது திரையை அடிப்பாகத்தோடு இணைக்கும் கீல். இந்த விலையில் உடல் பிளாஸ்டிக்தான். ஹிஞ்ச் ஸ்க்ரூ பிடிக்கும் பித்தளை நட், பிளாஸ்டிக் குமிழுக்குள் பதிந்திருக்கும். திரையை ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால் அந்தப் பக்கக் குமிழ் விரிசல் விட்டு, நட் பிய்த்துக்கொண்டு வரும். நடுவில் பிடித்துத் திறவுங்கள். திறக்கும்போது கீழ்மூடி ஓரம் வாய் பிளந்தால் அதற்குமேல் திறக்காமல் கொண்டு வாருங்கள். அந்த நிலையில் பசை போட்டுச் சரிசெய்யலாம், திரைக் கேபிள் அறுந்தபின் என்றால் செலவு வேறு.

மாடலை முடிவு செய்திருந்தால் முழுப் பெயரை, கடைசி எழுத்துகள் உட்பட, எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரே பெயரில் இஎம்எம்சியும் இருக்கும், எஸ்எஸ்டியும் இருக்கும்.

இப்படிக்கு,
விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவினர்