எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: அரையாண்டுச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வைப் பெரும்பாலானோர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்ட எல்லாருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், என்.எம்.எம்.எஸ். தேர்வு, அதாவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு. தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வந்துவிடும். நம் வீடுகளுக்கு இது சின்னத் தொகை இல்லை. மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்பறிவுத் தாளில் 90 கேள்வி. ஒவ்வொரு தாளுக்கும் 90 நிமிடம், அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம். கால்குலேட்டர் கிடையாது. இதற்காகத்தான் வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சித் தாள் கொடுத்தனுப்புகிறோம்.

போன தாளில் வெப்பநிலைக் கணக்குகள் இருந்தன. அதில் ஒன்று: குழந்தைக்குக் காலையில் காய்ச்சல் 99 டிகிரி ஃபாரன்ஹீட், இரவில் 102.6. செல்சியஸில் எத்தனை டிகிரி கூடியிருக்கிறது? பல தாள்களில் ஒரே விடை இருந்தது: மைனஸ் 15.78. வழிமுறை எழுதும் இடம் காலி.

இந்த விடை எங்கிருந்து வந்தது என்பது கணித ஆசிரியருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 102.6-இல் 99 போக 3.6. அந்த 3.6-ஐ செல்போனில் போட்டால், அதையே ஒரு வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டு 32-ஐக் கழித்து மாற்றித் தருகிறது. கேள்வி கேட்டதோ வித்தியாசத்தை. காலை, இரவு இரண்டு வெப்பநிலையிலும் 32 கழிபடுவதால் வித்தியாசத்தில் அது வரவே வராது. 3.6-ஐ 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 2. அவ்வளவுதான் கணக்கு. காய்ச்சல் ஏறியிருக்கும்போது விடை மைனஸில் வருமா என்று பிள்ளை ஒரு நொடி யோசித்திருந்தாலே பிடித்திருக்கும். போனில் வந்துவிட்டதால் யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலை முடிந்து களைத்து வந்திருப்பீர்கள், மணி ஒன்பதாகியிருக்கும், கணக்கு வரவில்லை என்று பிள்ளை அழும். விடையைத் தேடிக் கொடுத்துவிட்டுத் தூங்க வைக்கலாம் என்றுதான் எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். சில வீடுகளில் அக்கா, அண்ணன் உதவுவதும் தெரியும்.

ஆனால் கேள்வி தயாரிப்பவர்கள் பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று பார்த்துத்தான் விடைகளை வைக்கிறார்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட் செல்சியஸில் எவ்வளவு என்று கேட்டுவிட்டு 40, 57.8, 72, 25.8 என்று நான்கு விடை கொடுத்தால், 32-ஐக் கழிக்க மறந்தவருக்கு 57.8 வரும். கழித்துவிட்டுப் பாதியில் நிறுத்தியவருக்கு 72. பெருக்கி வகுத்த பிறகு கடைசியில் கழித்தவருக்கு 25.8. எந்தத் தவறு செய்தாலும் அதற்கேற்ற விடை அங்கே காத்திருக்கும். முதலில் கழித்து, 72-ஐ 9-ஆல் வகுத்து 8 ஆக்கி, பிறகு 5-ஆல் பெருக்கினால் மனக்கணக்கிலேயே 40 வந்துவிடும். கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்த வரிசை நிற்கும்.

32-உம் 5-உம் 9-உம் எங்கிருந்து வந்தன என்பதையும் வகுப்பில் சொல்லித் தருகிறோம். தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸில், அது ஃபாரன்ஹீட்டில் 32. கொதிப்பது 100-இல், அங்கே 212. இங்கே 100 படி, அங்கே 180 படி. சுருக்கினால் 5-க்கு 9. இது புரிந்த பிள்ளை சூத்திரத்தை மறந்தாலும் தானே கண்டுபிடித்துவிடும்.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வரும் வெள்ளி முதல், வழிமுறை இல்லாத தாள் திருத்தப்படாது. விடை சரியாக இருந்தாலும் திருப்பிக் கொடுக்கப்படும். மாலைச் சிறப்பு வகுப்பில் பிள்ளை அதை மறுபடி போட வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. தெரியாத கணக்கைக் காலியாக விட்டு அனுப்புங்கள். காலியிடத்தைப் பார்த்தால் எதைச் சொல்லித் தர வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். போன் போட்ட விடையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வீட்டில் உதவ நினைத்தால் அதற்கும் வழி உண்டு. நம் ஊரில் காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில்தான் சொல்கிறோம். கோடையில் வெயில் சதமடித்தது என்று பத்திரிகை போடுவதும் ஃபாரன்ஹீட்தான். வானிலை அறிக்கையில் வருவது செல்சியஸ். பேப்பரில் ஓர் எண்ணைக் காட்டி, மாற்றிச் சொல் என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எப்படிப் போட்டாய் என்று கேட்டு, அது சொல்வதைக் கடைசிவரை கேட்டாலே போதும்.

சிறப்பு வகுப்புக்கு முறைவைத்துச் சுண்டல் கொடுத்தனுப்பும் அம்மாக்களுக்கும், இருட்டுவதற்குள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும், பயிற்சித் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துத் தந்த பெற்றோருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால் எந்த நாளும் மாலை நான்கு மணிக்கு மேல் என்னையோ கணித ஆசிரியரையோ வந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்