செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். நம் சங்கத்தில் புதுப்பிக்கும் பழைய கார்களில் எது தொழிற்சாலையில் வைத்தது, எது அந்தக் காலத்திலேயே வாங்கி மாட்டியது, எது பிற்பாடு யாரோ செய்தது என்று கண்டுபிடிப்பதிலேயே இந்த ஆண்டின் பெரும்பகுதி போனது. அதனால் இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

முதல் வழக்கு, உறுப்பினர் ஒருவரின் 1921 ஃபோர்டு மாடல் டி. எஞ்சின் முன்னால் ஒரு வாட்டர் பம்ப் இருந்தது. அந்த ஆண்டு வண்டிக்கு ஃபோர்டு பம்ப் வைக்கவில்லை. சூடான நீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் ஆறிக் கீழிறங்கும் ஏற்பாடுதான். "தப்பான பொருள், கழற்றிவிடுவோம்" என்று அவர் ஸ்பானரை எடுத்துவிட்டார். சற்றுப் பொறுக்கச் சொன்னோம். மாடல் டி-க்கென்றே பம்ப், கால் ஆக்ஸிலரேட்டர், ஷாக் அப்சார்பர் எல்லாம் வெளிக் கம்பெனிகள் அந்த நாளிலேயே விற்றன. பம்பைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒற்றைக் கீறல் தலை. அடியில் இருந்த எண்ணெய்ப் படிவும் சுற்றியிருந்ததைப் போலவே கெட்டிப்பட்டிருந்தது. நேற்று மாட்டிய பொருளுக்கு அப்படிப் படியாது. பம்ப் வண்டியிலேயே இருக்கிறது. ரேடியேட்டர் மூடியில் இருந்த மோட்டோமீட்டரும் அப்படியே. நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஆவியின் சூட்டைக் காட்டும் அந்தச் சின்ன வெப்பமானிக்கு வண்டியில் இருக்க முழு உரிமை உண்டு என்பது என் கருத்து.

ஸ்க்ரூ தலையைப் பார்ப்பது எளிய சோதனை. தலையில் கூட்டல் குறி போல் வெட்டு உள்ள ஸ்டார் தலை ஸ்க்ரூ கார்த் தொழிற்சாலைக்குள் வந்தது 1936 கேடிலாக்கோடுதான். அதற்கு முந்தைய வண்டியில் அதைக் கண்டால் பிற்காலக் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிரிட்டிஷ் வண்டிகளில் மரையையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, பின்னால் வந்த யூனிஃபைடு மரைக்கு 60. தகட்டைக் கெடுக்காமல் போல்ட்டை மட்டும் கழற்றி மரை அளவியை வைத்தாலே தெரிந்துவிடும். லூகாஸ் கம்பெனியின் டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் பலவற்றில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பொறித்த தேதி வண்டியின் தேதிக்குச் சில மாதம் முந்தியிருப்பது இயல்பு. பிந்தியிருந்தால் மாற்றிய பொருள்.

அப்புறம் 1952 மாரிஸ் மைனர். கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில் தகடு சற்று அலையாகத் தெரிந்தது. துருப் பிடித்ததைச் சரி செய்திருப்பார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். காந்தம் வைத்தால் ஒட்டவில்லை, அத்தனை தடிமனாகப் பட்டி. சுரண்டியதும் நீளமான ஒரு பிளவு, உள்ளே துணி சுற்றிய ஒயரின் அறுந்த நுனி! கை நீட்டுவதுபோல் வெளியே வந்து திரும்பும் பக்கத்தைக் காட்டும் டிராஃபிகேட்டர் இருந்த இடம் அது. மைனரில் 1961 வரை அது இருந்தது. கண் சிமிட்டும் விளக்கு பொருத்தியவர் பழைய பிளவைப் பட்டி பூசி மூடிவிட்டார். மறுபக்கமும் அதேபோல். இரண்டையும் திறந்தாயிற்று. சிமிட்டும் விளக்கை உரிமையாளர் எடுக்கவில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு அது தேவை என்றார், சரிதான்.

வருத்தமான செய்தி ஒன்றும் பதிவாக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே இங்கிலாந்தில் ஓடிய ஒரு வண்டியின் ஃபுட்போர்டு ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் இருந்தது. யாரோ அழகுக்குப் பூசியது என்று நினைத்து நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பம்பருக்கு வந்தபோதும் அதே வெள்ளை. அப்போதுதான் உறைத்தது. 1939இல் போர் வந்து, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைக்கும் இருட்டடிப்பு தொடங்கியதும், இரவில் மற்றவர் கண்ணுக்குப் படவேண்டும் என்று அங்கே கார்களின் ஓரங்களில் வெள்ளை பூசினார்கள். ஃபுட்போர்டில் இருந்தது போய்விட்டது. பம்பரில் ஒரு சாண் அளவு மிச்சம், அதைத் தொடாமல் விட்டிருக்கிறோம். உரிமையாளரிடம் மன்னிப்புக் கேட்டேன், இந்த அவையிலும் கேட்கிறேன்.

அதனால் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். எந்தப் பொருளையும் கழற்றுமுன், எந்தப் பெயின்ட்டையும் தேய்க்குமுன், அது இருந்த நிலையில் படம் எடுத்து, எதில் எப்படிப் பொருத்தியிருந்தது என்று சங்கப் பதிவேட்டில் எழுத வேண்டும். கழற்றிய பொருளைச் சீட்டுக் கட்டி வண்டியோடு வைக்க வேண்டும். ஆதரிப்போர் கை உயர்த்தக் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறையில் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி. மேசை மேல் ஒரு பித்தளைத் தாங்கி வைத்திருக்கிறேன். மாடல் டி-யின் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது, இரண்டு துளை, ஒரு பக்கம் வளைவு. எதைத் தாங்கியது என்று இன்னும் பிடிபடவில்லை. கிளம்புமுன் ஒவ்வொருவரும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்