சருமம் தீட்டுவது பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் எண்ணெய் வண்ண ஓவியத்தின் புகைப்படமும் கிடைத்தன. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பணி ஓய்வு பெற்றதும் நீ மறுபடி பிரஷ் எடுத்தது எனக்கு இன்னொரு சந்தோஷம்.

உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் கழுத்துத் திருப்பம் அருமையாக வந்திருக்கிறது. சருமம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல இருக்கிறது என்கிறாய். வெள்ளையைத்தான் சந்தேகப்படுகிறேன். டைட்டானியம் ஒயிட் கொஞ்சம் சேர்ந்தாலே கீழே இருப்பதையெல்லாம் மூடிவிடும். பழைய ஐரோப்பிய ஓவியர்களான டிஷியனும் ரூபன்ஸும் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது ஒளியை ஓரளவு உள்ளே விடும். ஆனால் ஈயம் நஞ்சு, பேத்தி தவழப்போகிற வீட்டில் அது வேண்டாம். டைட்டானியத்தையே மெல்லிசாகப் பூசு.

முதலில் உருவம் முழுவதையும் சாம்பல் நிறத்தில் முடித்துவிடு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஆங்கரும் அவர் பட்டறையும் தீட்டிய சாம்பல் நிற ஒடாலிஸ்க் (சாய்ந்து படுத்திருக்கும் அந்தப்புரப் பெண்) இருக்கிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 1814ஆம் ஆண்டு ஓவியத்தின் சிறிய வடிவம் அது. வண்ணமே இல்லாமல் அந்த முதுகு எப்படித் திரும்புகிறது என்று பார்!

உன் சாம்பல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு எல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், வெர்மிலியன் என்ற சிவப்பு, வெள்ளை கலந்த சரும நிறத்துக்கு வா. எனக்கு இன்றும் அலுக்காத விஷயம் இதுதான்: இருண்ட அடிப்பூச்சின் மேல் வெளிர் நிறத்தை மிக மெல்லிசாக இழுத்தால் அந்த இடம் நீலம் பாய்ந்து தெரியும். வண்ணம் கலக்கும் தட்டில் நீலமே இருக்காது! தாடைக்குக் கீழே, மணிக்கட்டின் உள்பக்கம், வெளிச்சம் நிழலாக மாறும் இடங்களில் செய்துபார். சருமத்துக்கு உயிர் வந்துவிடும்.

அப்புறம், காய்வதற்கு அவசரப்படாதே. வண்ணத்தில் கலந்திருக்கும் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அதனால் அடியில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். தலைகீழானால் வெடிப்பு விடும். சாம்பல் நிறத்துக்குக் கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு சேர்த்துக்கொள், அதிலுள்ள மாங்கனீஸ் சீக்கிரம் காயவைக்கும். வெறும் ஐவரி பிளாக் என்ற கறுப்பு மட்டும் என்றால் காய்வது இழுத்துக்கொண்டே போகும்.

டிஷியன் பாதியில் நிற்கும் ஓவியங்களை மாதக்கணக்கில் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாராம். பிறகு எடுத்து, எதிரியைப் பார்ப்பதுபோல் குறை தேடுவாராம். அவருடைய கடைசிக் காலத்தை அறிந்த ஓவியர் பால்மா சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இடைவெளி விட்டுப் பார்ப்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள். ஆனால் நீ வெளிச்சம் படும் இடத்திலேயே மாட்டி வை, இருட்டில் லின்சீட் மஞ்சளித்துவிடும்.

அடுத்த மாதம் திருச்சி வருகிறேன். அதற்குள் சாம்பல் பூச்சை முடித்து வை, உட்கார்ந்து பேசுவோம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்