பழைய குடும்பக் கல்லறைத் தோட்டப் பராமரிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இங்கே அடக்கமானவர்களின் வழிவந்த குடும்பத்தாரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கற்களெல்லாம் ஏன் இன்னும் பளிச்சென்று ஆகவில்லை என்று உறுப்பினர்கள் பலர் கேட்டு வருகிறீர்கள். செயற்குழு யோசித்தே நிதானமாகப் போகிறது. பல ஆண்டுப் புறக்கணிப்பைத் தாங்கி நின்ற கல்லைக்கூட ஒரே நாள் அவசர வேலை பாழாக்கிவிடும்.

குடும்பத்தாரிடமும் நில உரிமையாளரிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்ற பிறகே உள்ளே இறங்கினோம். முதல் வேலை பதிவுதான். ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து, வரைபடத்தில் குறித்து, படமெடுத்து, எழுத்துப்பிழை உட்பட உள்ளது உள்ளபடி படியெடுத்தோம். மங்கிய எழுத்துகளின் மேல் சாக்பீஸோ மாவோ தடவ யாரையும் விடவில்லை. சாக்பீஸ் கல்லைக் கீறும், மாவில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுகிறது. வெறும் கல் என்று நினைத்திருந்ததில் ஒரு பெயர் தெளிந்து வந்தபோது அங்கிருந்த எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு வந்து படித்தார்கள். இந்த ஆண்டின் பெரிய பலன் அதுதான் என்பது என் எண்ணம்.

புதர் வெட்டியதிலும் கவனம் தேவைப்பட்டது. கல்லைப் பற்றிய கொடியைப் பிடித்து இழுத்தால் கல்லின் தோலும் சேர்ந்து உரியும். ஆகவே அடியில் வெட்டிவிட்டு, காய்ந்த பிறகு எடுத்தோம். மரங்களின் அடிக்கட்டைகளைத் தோண்டவில்லை. வேர்கள் கல்லறைகளுக்குள் போயிருக்கலாம். களைக்கொல்லியும் தெளிக்கவில்லை, அதிலுள்ள உப்பைக் கல் உறிஞ்சிக்கொள்ளும். செதுக்காத சிறு கற்களை யாரும் நகர்த்த வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து வெட்ட வசதியில்லாதவர்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட அடையாளம் அவையாக இருக்கக்கூடும். வரிசையாகத் தெரியும் பள்ளங்களும் அப்படிக் கல்லறைகளின் அடையாளமாக இருக்கக்கூடும்.

பாசியைத் தண்ணீரும் மெல்லிய நார்த் தூரிகையும் கொண்டு, கல்லை நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்தோம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். பிளீச்சிங் திரவம் கல்லுக்குள் உப்பை விட்டுச்செல்லும். அது படிகமாகும்போது மேற்பரப்பு பொரிந்து உதிரும். கம்பி பிரஷையும் அழுத்தத் தண்ணீர்க் குழாயையும் கல்லின் அருகே கொண்டுவரக் கூடாது.

அதிகம் உழைக்க வைத்தது பழைய சிமெண்ட் பூச்சு. நல்லெண்ணத்தில்தான் யாரோ பூசியிருக்கிறார்கள். போர்ட்லாண்ட் சிமெண்ட் காப்புரிமை பெற்றதே 1824இல்தான்; பழைய கட்டுமானம் சுண்ணாம்புக் காரையால் ஆனது. சிமெண்ட் இறுகி ஈரத்தை வெளியே விடாததால், ஈரம் கல் வழியாக வெளியேறி அதை உதிர்க்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தைத் தானே வாங்கி வெளியே விடும். விரிசல் வந்தாலும் காரையில்தான் வரும், கல் தப்பிக்கும். பூச்சைப் பெயர்த்தால் கல்லே உடையும் என்ற இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம். துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளந்துகொண்டிருந்த இரும்பு ஆணிகளை எடுத்து, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்தினோம்.

சாய்ந்த கற்களை ஆர்வத்தில் தனியாக நிமிர்த்த முயல வேண்டாம். ஒன்றரை மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனமுள்ள பளிங்குக் கல் ஏறத்தாழ 240 கிலோ இருக்கும். பாரம் தூக்கும் மூன்று கால் சட்டமும் சங்கிலிக் கப்பியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

உடைந்து பாதி எழுத்து போன கற்களை முழுமையாக்கிப் புதிதாக வெட்டலாம் என்று சிலர் வற்புறுத்தினார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம். புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் போன எழுத்தை வெறுமையாகவே விட்டு, உறுதியான விவரம் கிடைத்தால் பக்கத்தில் தனிப் பலகையில் எழுதுவது என்று செயற்குழு முடிவெடுத்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும், வீட்டுப் பெட்டிகளிலிருந்து பழைய படங்களைத் தேடித் தந்த குடும்பத்தாருக்கும் மனமார்ந்த நன்றி.

பதிவேட்டின் ஒரு பிரதி குடும்பத்தாரிடமும் இன்னொன்று ஆவணக் காப்பகத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எல்லாக் கற்களையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் தீர்மானமாக முன்வைக்கிறேன். பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்