மாடி அறையைத் தவிர

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரில் நலம்தானே. இங்கே குற்றாலத்தில் அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போனில் பேசினால் பாதியிலேயே ‘சரி சரி’ என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். லாட்ஜ் ரெஜிஸ்டரின் கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். ‘வந்த நேரம், போன நேரம்’ என்று கட்டம் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதே.

மாப்பிள்ளை அனுப்பிய திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து வந்து அப்பா இரண்டு தடவை வாசித்தார். வட்டமும் கட்டமுமாகக் கலர் போட்டு நன்றாகத்தான் செய்திருக்கிறார். நாம் லாட்ஜாக நடத்தும் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்குவது, மாடி அறைக்கு ஏசி, இணையத்தில் விளம்பரம், வருகிறவர்களுக்கு என் கையால் தேங்காய்ப்பால் சொதி மாதிரித் திருநெல்வேலிச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு ‘லோக்கல் டைனிங் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார். அப்பா அதைச் சத்தமாக இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “உன் சொதிக்கு வந்த வாழ்வைப் பார்” என்றார்.

மாப்பிள்ளையிடம் நேரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. முழுக்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

அவருக்குக் குற்றால சீசன் என்றால் இரண்டு நாள் வந்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, ரம்புட்டான் வாங்கிக்கொண்டு போவது. நீ இங்கே பிறந்தவள். ஆனாலும் போய் ஒன்பது வருஷமாகிறதே, கொஞ்சம் மறந்திருக்கும். கேரளாவில் மழை பிடித்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக இங்கே காற்று திரும்பும். வெயில் அடித்துக்கொண்டே சாரல் விழும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் சீசன் என்று பெயர்தான். அருவியில் தண்ணீர் நன்றாக விழும் நாள், அதில் சனி ஞாயிறு, அதிலும் குளிக்கத் தடை இல்லாத நாள் என்று கழித்துக்கொண்டே போனால் கையில் நிற்பது இருபது, இருபத்தைந்து நாள். அந்த நாளில்தான் நம் 800 ரூபாய் அறை 2500-க்குப் போகும். மற்ற நாளில் அதே அறையை 500-க்குக் கேட்பார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வருவதால் அடுப்பு அணையாமல் இருக்கிறது. மாப்பிள்ளை போட்ட கணக்கில் மாதத்துக்கு பதினெட்டு நாள் அறை நிறையும் என்று இருக்கிறது. எந்த மாதத்தில் என்று கேட்டுச் சொல்.

தடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போலீஸ் விசில் ஊதி ஆட்களைக் கரையேற்றிவிடும். அரை மணி நேரத்தில் இங்கே அறைகள் காலியாகும். முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போனான் பார், அதற்குப் பிறகு விசில் சத்தம் கேட்டால் நான் முணுமுணுப்பதில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

சரி, அறை என்றால் என்ன வேலை என்று மாப்பிள்ளை கேட்டாராமே, ஒரு ஆள் போட்டால் போதாதா என்று. பெட்ஷீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐந்து அறை, அறைக்கு இரண்டு விரிப்பு, நாலு தலையணை உறை. சாரல் பிடித்தால் இந்த ஊரில் எதுவும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும், தீப்பெட்டி நமத்துவிடும். துவைத்த விரிப்பைப் பின் தாழ்வாரத்தில் கொடி கட்டிப் போட்டால் இரண்டாம் நாள் ஒரு வாடை வரும். வருகிறவர்கள் எதைப் பொறுத்தாலும் அந்த வாடையைப் பொறுக்க மாட்டார்கள். அதனால் அரை ஈரத்தில் எடுத்து, கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் விரித்து இஸ்திரி போடுவேன். ஆவி முகத்தில் அடிக்கும். நடுப்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், தையல் மடிப்பில் ஈரம் நிற்கும். கையில் தொட்டால் தெரியாது, கன்னத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது மடிப்பையாவது கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆள் போட்டால் அவள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாளா? முன்பு இதைவிட மோசம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அப்படியே படுப்பார்கள், உறையில் மஞ்சள் வட்டம் போகவே போகாது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகு எனக்கு வெளுப்பு சுலபமாயிற்று. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர்களுக்குத்தான் பிழைப்பு போயிற்று.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு மாப்பிள்ளையோடு வழக்கு.

என் சமையல்மேல் அவருக்கு இருக்கிற மதிப்பு சந்தோஷம்தான். ஆனால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சொதி சாப்பிட வருவதில்லை. பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, “அக்கா, பார்டர் கடைக்கு எப்படிப் போகணும்?” என்றுதான் கேட்பார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, பிரானூரில்தான் அந்த எல்லை, அதனால் பார்டர் என்று பெயர் என்று அப்பா ஒவ்வொருவருக்கும் விளக்குவார். யார் கேட்கிறார்கள்? எல்லை புளியரைக்கு அந்தப் பக்கம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, பிரானூரில் மிஞ்சியது புரோட்டா. குளித்து நடுங்கிக்கொண்டு வந்த வயிற்றுக்கு வாழையிலையில் பிய்த்துப் போட்ட புரோட்டாவும் சால்னாவும் நாட்டுக்கோழி வறுவலும்தான் கேட்கும். எனக்கே கேட்கும்.

ஒரு தடவை செய்தும் பார்த்தாயிற்று, உனக்குச் சொல்லவில்லை. போன ஆடியில் கோயம்புத்தூர்க்காரர்கள் எட்டுப் பேர் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். நானும் ஆசைப்பட்டு ஐந்து தேங்காய் உடைத்துப் பால் எடுத்து சொதி வைத்தேன். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். எட்டு இலை கழுவி அடுக்கி வைத்திருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்தது. பார்டரில் வரிசையில் நிற்கிறார்களாம், “நாங்க முடிச்சிட்டு வந்துர்றோம், நீங்க படுங்கம்மா.” தேங்காய்ப் பால் விடிகிற வரைக்கும் தாங்குமா? அப்பா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினார். மறுநாள் அவர்கள் பணம் கொடுக்க வந்தார்கள். அப்பா வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

அது போகட்டும். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு.

தெருமுனை இட்லிக்கார அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் நாலரைக்கு அடுப்பு மூட்டிவிடுவாள். ஐந்தரைக்கெல்லாம் துண்டைக் கட்டிக்கொண்டு ஈரத்தோடு ஆட்கள் வந்து நிற்பார்கள், ரூபாய் நோட்டை நனையாமல் பாலிதீன் உறையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு. இட்லித் தட்டைத் திறந்ததும் அந்த ஆவிக்கே பாதிப் பேர் கிட்டே நகர்வார்கள். அவள் துணியோடு சேர்த்துப் பெயர்த்து, தண்ணீர் தெளித்து உரித்து, இலையில் தள்ளி, தேங்காய்ச் சட்னியை ஊற்றுவாளே தவிர ஒருவரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கணக்கு மட்டும் தப்பாது. அந்த இருபத்தைந்து நாள் வியாபாரத்தில்தான் அவள் வருஷம் ஓடுகிறது. மெஸ் வைத்திருப்பவர், ஐந்தருவி ரோட்டில் மங்குஸ்தான் கூறு கட்டி விற்பவள், ஆட்டோக்காரர், துண்டும் ஜட்டியும் விற்கிற பையன், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒவ்வொரு லாட்ஜும் காலைச் சாப்பாட்டை உள்ளேயே போட ஆரம்பித்தால் அவள் தட்டுக்கு யார் வருவார்கள்? ஏற்கெனவே பெரிய ரிசார்ட்டுகளில் அப்படித்தான். கார் உள்ளே போகிறது, மூன்றாம் நாள் வெளியே வருகிறது. தெருவுக்கு அதனால் புகைதான் மிச்சம்.

2020 மார்ச்சில் அருவியை மூடி டிசம்பரில்தான் திறந்தார்கள். 2021-இல் மறுபடி மூடியதும் டிசம்பர் வரைக்கும்தான். இரண்டு சீசன் அடுத்தடுத்துப் போயிற்று. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்க ஆள் இல்லை. ராத்திரி அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும், அதற்கு முன் எனக்கு அது கேட்டதே இல்லை. நான் வளையலை அடகு வைத்ததை நீ பிறகுதான் தெரிந்துகொண்டு சத்தம் போட்டாய். நீ அனுப்பிய பணத்தில் பாதியை அப்பா ரூம் பையன் சம்பளத்துக்குக் கொடுத்தார். அப்போது அந்த அக்கா தனக்கே இல்லாத நேரத்தில், தினமும் ஒரு செம்பு மாவைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவாள். காசு பேச்சே எடுக்கவில்லை. இப்போது நான் அவள் வாசலில் போய் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ நடத்த முடியாது, பாப்பா.

இணையத்தில் போடுவது பற்றி. போன வருஷம் அப்பா ஒரு தளத்தில் போட்டுப் பார்த்தார், கமிஷன் நூற்றுக்குப் பதினெட்டு. ஏப்ரலில் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சித்திரை வெயிலில் அருவியில் பாறைதான் தெரியும் என்று அப்பா போனிலேயே சொல்லியிருந்தார். வந்து பார்த்துவிட்டு, ‘அறை சுத்தம், மனிதர்கள் நல்லவர்கள், அருவியில் தண்ணீர் இல்லை’ என்று எழுதி ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போனார். அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அருவிக்குத் தண்ணீர் விடுகிற வேலையும் நம்முடையதா என்ன?

நமக்கு ஆட்கள் வருவது வேறு வழியில். சாத்தூர்க்காரர் குடும்பம் பதினாலு வருஷமாக வருகிறது. சித்திரையிலேயே போன் வந்துவிடும், “அக்கா, அந்தக் கிழக்கு ரூம்.” வரும்போது ஒரு டின் காராச்சேவு. அவர்கள் பாட்டி இருந்தவரைக்கும் அடுக்களையில் வந்து உட்கார்ந்து எனக்கு உளுந்து களைந்து கொடுப்பார். என்றைக்காவது நாங்கள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு கிண்ணம் போகும். அதற்கு இதுவரை பில் போட்டதில்லை. மாப்பிள்ளை திட்டத்தில் அதற்கு ஒரு விலை போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

கடைசியாக மாடி அறை. அதை ஏசி போட்டு விட்டால் நல்ல வாடகை வரும், தெரியும். சீசனில் அதை விட்டுத்தானே உன்னைப் படிக்க வைத்தோம். நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆடி அமாவாசைக் கூட்டம், வீடு நிறைய ஆட்கள். உனக்குக் காய்ச்சல். மாடியில் மதுரைக்காரர்கள், அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அடுக்களையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் உனக்குப் பாய் போட்டேன். மறுநாளைக்கு மாவு ஆட்ட வேண்டும், அதனால் பத்து மணிக்கு கிரைண்டரை ஓட விட்டேன். நீ போர்வையைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டு, “அம்மா, இவங்க எப்ப ஊருக்குப் போவாங்க?” என்று கேட்டாய். நீ மறந்திருப்பாய். நீ வேலைக்குப் போன வருஷத்திலிருந்து அந்த அறையை யாருக்கும் விடவில்லை. அப்பாவுக்கும் சொல்லியாயிற்று. அதில் உன் பழைய மேஜையும் இஸ்திரி போட்ட விரிப்புகளும் இருக்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

சரி என்பதையும் சொல்கிறேன். பின்கட்டு இரண்டு அறையையும் அவர் சொன்னபடி சரி பண்ணலாம். வெஸ்டர்ன் டாய்லெட், ஹீட்டர், ஜன்னலுக்குக் கொசுவலை. வயதானவர்கள் அது இல்லாமல்தான் திரும்பிப் போகிறார்கள். போட்டோ எடுத்து இணையத்திலும் போடட்டும். ஆனால் தண்ணீர் விழுகிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டு வரவும் என்று மேலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். அப்புறம், அவர் கலர் போடுவதில் கெட்டிக்காரர் இல்லையா, நம் தெருவுக்கு ஒரு படம் போட்டுத் தரச் சொல். காலையில் இட்லி எங்கே, மத்தியானச் சாப்பாடு எங்கே, நல்ல காப்பி எங்கே, பழம் எங்கே, எத்தனை மணிக்கு எது தீர்ந்துபோகும் என்று. ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டிவிடலாம்.

ஜூலையில் வருவதானால் சனி ஞாயிறை விட்டுவிட்டுச் செவ்வாய், புதனில் வாருங்கள். என்னால் உட்கார்ந்து பேச முடியும். சொதியும் வைக்கிறேன், இந்தத் தடவை பார்டருக்குப் போகக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

வரும்போது மறக்காமல் துணிக் கிளிப் இரண்டு டஜன் வாங்கி வா, ஸ்பிரிங் கெட்டியாக இருக்கிறதாகப் பார்த்து. இங்கே வாங்கிய டப்பாவைப் போன வாரம் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. எதிர்வீட்டு ஓட்டு மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக் கீழே போட்டது. பதினொன்று பொறுக்கி எடுத்தேன், அதில் நாலுக்கு ஸ்பிரிங் இல்லை.

அன்புடன்,
அம்மா