29சி கண்டக்டர் தம்பிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் மூன்று பேர் "என் பேரெல்லாம் போடாதம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் யார் பெயரும் இல்லாமலேயே, அப்பாவின் மறதி நோயில் எங்களுக்குக் கை கொடுத்ததற்கு இந்த நன்றிக் கடிதத்தை எழுதுகிறேன். படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்பா பல்லவனில், அதாவது சென்னை டவுன் பஸ்ஸில், கண்டக்டர். 1978-இல் சேர்ந்து 2008-இல் ஓய்வு பெற்றார். 2021 கடைசியில் ஒரு நாள் அம்மாவைப் பார்த்து, "கலெக்‌ஷன்ல நாப்பது ரூபா குறையுது, நீ எடுத்தியா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். மறுநாளும் கேட்டார். ஒரு வாரம் கழித்து அம்மாவின் சுருக்குப்பையைப் பிடுங்கினார். நான் கத்தினேன். "ரிட்டயர் ஆகி பதிமூணு வருஷம் ஆச்சுப்பா, உங்களுக்கு ஏது கலெக்‌ஷன்?" அவர் முகம் அப்படியே இறங்கிப்போனது. அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இதையேதான் செய்தோம்: அவர் ஒன்று சொல்வார், நாங்கள் திருத்துவோம், அவர் அழுவார் அல்லது அடிக்க வருவார்.

முதலில் காட்டிய ஒரு கிளினிக்கில், "எழுபது தாண்டினா மறதி வரத்தான் செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். நம்பத்தான் பிடித்திருந்தது.

ஆகவே முதல் நன்றி, பெரியாஸ்பத்திரி முதியோர் பிரிவில் அப்பாவைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு. (சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கியதும் 1978-இல்தானாம். அப்பா வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம்.) நீங்கள் உடனே டிமென்ஷியா, அதாவது மூளை பழுதாகி வரும் மறதி நோய், என்று சொல்லவில்லை. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டுவது, இவற்றாலும் மறதி வரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு, முதலில் அதையெல்லாம் பார்த்துவிடலாம் என்றீர்கள். காதையும் சோதிக்கச் சொன்னீர்கள். முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்தில் இருந்த காது, பாதிதான் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

அப்புறம் அந்தக் கேள்விகள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னீர்கள். "தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு" என்று மூச்சு விடாமல் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அடுத்ததாக, சற்று முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று வார்த்தைகளைக் கேட்டீர்கள். ஒன்றும் வரவில்லை. எந்த மூன்று வார்த்தை என்று உங்களையே திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதி வைத்தார், கூட்ட நேரத்துப் பேருந்து மாதிரி.

அதை வைத்துத்தான் எனக்குப் புரிய வைத்தீர்கள். புதிதாக நடப்பதைப் பதித்து வைக்கிற இடம் முதலில் பழுதாகிறது. கை பழகிய தொழில் ரொம்ப நாள் நிற்கும். ஸ்கேனில், டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமருக்கான மூளைச் சுருக்கமும், இருபது வருஷத்துச் சர்க்கரையும் பிரஷரும் விட்டுப்போன சின்னச் சின்ன அடைப்புத் தழும்புகளும் சேர்ந்தே இருந்தன. "மாத்திரை இதைக் குணமாக்காது. சிலருக்குக் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான்" என்றீர்கள். பொய்யாக ஒரு நம்பிக்கை கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு நன்றி.

முதியோர் உதவி எண் 14567-இல் அன்று பேசிய பெண்ணுக்கு: நான் அழுது முடிக்கும்வரை லைனில் இருந்தீர்கள். கவனித்துக்கொள்பவர்கள் கூடிப் பேசுவதற்கும் இடம் உண்டு என்று உங்களிடம் பேசிய பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது, மனச்சிதைவுக்கானது என்றுதான் நினைத்திருந்தேன். முதியோர் மறதிக்கென்று டெம்கேர்ஸ் என்று ஒரு பிரிவு அங்கே இருப்பது அதற்குப் பிறகுதான் தெரியும். கேரளத்தில் 1992-இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற, மறதி நோய்க்காரர்களுக்கும் குடும்பத்துக்குமான சங்கத்தைப் பற்றியும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் போன முதல் கூட்டத்தில், இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்போ 88 லட்சம் வீட்டுலயும் இந்நேரம் சாவி தேடிக்கிட்டு இருப்பாங்க" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். அந்தக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த மாமி, "எதிர்த்துப் பேசி ஜெயிச்சுடலாம், ஜெயிச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டீர்களே, அது பல நாள் ராத்திரி என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு எழுதத்தான் கை தடுமாறுகிறது. வந்த இரண்டாம் நாளே, கலெக்‌ஷன் குறைகிறது என்று அப்பா ஆரம்பித்தார். நாங்கள் எல்லாரும் வாயைத் திறக்கும் முன், நீங்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்த சில்லறையைப் பாயில் கொட்டினீர்கள். "வாங்கண்ணே, எண்ணிப் பாத்துடலாம்." அப்பா ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பிரித்துப் பத்துப் பத்தாக அடுக்கினார். அரை மணி நேரம் ஆனது. நீங்கள் ஒரு பழைய நோட்டில் தொகையை எழுதி, "சரியா இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினீர்கள். போட்டார். அன்று இரவு அம்மாவைத் திருடி என்று சொல்லவில்லை.

கலெக்‌ஷனில் குறைந்தால் கண்டக்டர்தான் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். முப்பது வருஷம் அந்தப் பயத்தோடு வீட்டுக்கு வந்த மனிதர் அவர். மகளாக இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. கண்ணாடியில் தெரிபவரைப் பார்த்து "யார்யா நீ, டிக்கெட் எடுத்தியா?" என்று அவர் கேட்டதும் அதன் மேல் வேட்டியைப் போட்டு மூடியதும் நீங்கள்தான். எங்களால் கொடுக்க முடிகிற சம்பளம் இதற்கெல்லாம் காணாது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பேங்க் கவுண்டர் தம்பிக்கு: அப்பாவுக்கு இன்னும் நிதானம் இருக்கும்போதே சேமிப்புக் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றச் சொன்னீர்கள். எங்களுக்கு அப்போது அது அபசகுனமாகப் பட்டது. ஆறு மாதத்தில் அப்பாவின் கையெழுத்தே மாறிவிட்டது. மருத்துவச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது உங்களால்தான்.

கோயம்புத்தூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு போட்டு வந்து, என்னையும் அம்மாவையும் வெளியே விரட்டும் தம்பி, உனக்கு நேரில் நன்றி சொன்னால் கிண்டல் செய்வாய். அதனால் இங்கே.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரே, உங்களுக்குத்தான் பெரிய கடன். அப்பாவுக்கு அடையாள அட்டை மாட்டிப் பார்த்தோம், கழற்றி எறிந்தார். நீங்கள் அவருடைய எல்லாச் சட்டையிலும் காலரின் உள்பக்கம், துவைத்தால் போகாத மையில் என் போன் நம்பரை எழுதித் தந்தீர்கள். உங்கள் அப்பா காலத்தில் சேங்கொட்டையில் சலவைக்குறி போடுவார்களாம், இப்போது மார்க்கர் பேனாவாம். காசு வாங்க மறுத்துவிட்டீர்கள்.

அந்தக் காலர்தான் போன ஆடி மாதம் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது.

பொழுது சாயும்போதுதான் அப்பாவுக்குக் கலக்கம் அதிகம். நாலரை மணி ஆனால் செகண்ட் ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார். அன்று அம்மா அடுப்படியில் இருந்தாள், அக்கா கிளம்பியிருந்தார், கதவு சும்மா சாத்தியிருந்தது. இரண்டு மணி நேரம் பெரம்பூர் முழுக்கத் தேடினோம். டீக்கடை மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓடினார். ஏழு மணிக்கு ஒரு போன். "அம்மா, நான் 29சி கண்டக்டர் பேசறேன். பெரியவர் ஒருத்தர் வண்டியில இருக்காரு. காலர்ல இந்த நம்பர் இருக்கு."

என்ன நடந்தது என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். புரசைவாக்கத்திலேயே பின்படி அருகில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று ஆரம்பித்துவிட்டாராம். ஒரு பயணி அவரைக் கண்டக்டர் என்றே நினைத்துப் பத்து ரூபாயை நீட்ட, வாங்கி நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டாராம். சிலர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய், ஷிப்ட் மாற்றிவிட வந்த ஆள் மாதிரி, "அண்ணே, ரிலீஃப் வந்துட்டேன். நீங்க உக்காருங்க" என்றீர்கள். அப்பா உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்டேஜ் க்ளோஸ் பண்ணிக்கோ" என்று, டிக்கெட் கணக்கை முடித்து எழுதச் சொல்லிவிட்டு, உங்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பெசன்ட் நகரில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, திரும்பும் டிரிப்பிலேயே கூட்டி வந்தீர்கள். நடையில் அவ்வளவு நிம்மதியோடு அவர் வீடு வந்து பல மாதம் ஆகியிருந்தது.

இப்போது நாலரை மணிக்கு நானோ அம்மாவோ வாசலில் போய் நின்று, "ரிலீஃப் வந்தாச்சு" என்கிறோம். சில நாள் உட்கார்ந்துவிடுகிறார். சில நாள், "நீ யாரு, உன் பேட்ஜ் எங்கே?" என்று கேட்கிறார்.

அன்றைய அவசரத்தில் உங்கள் பெயரையோ டெப்போவையோ கேட்டுக்கொள்ளவில்லை. டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பயணிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும் உங்கள் கைக்காசில்தான் என்று டீக்கடை மாஸ்டர் பிறகு சொன்னார். அந்தப் பத்து ரூபாய் நோட்டு, மடிப்புக் கலையாமல் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. ஆனால் அப்பா அதைக் கணக்கில் ஏற்றிவிட்டார்; கையெழுத்து இல்லாமல் கொடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
பெரம்பூர் கண்டக்டர் வீட்டுப் பெண்